சுவீடன்காரருக்கு ஒரு கல்வெட்டு

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். போன மாதம், எசன் நகரில், செத்து நூறு வருடம் தாண்டிய ஒரு சுவீடன்காரருக்கு நான் கல்வெட்டு எழுதினேன்.

கல்வெட்டு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, வந்தவர்களின் கையில் கொடுத்துவிடும் சிறு புத்தகம் அது. அட்டையில் படம், உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் நன்றி. வாழ்க்கை வரலாறு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். அதன் பிறகு இன்னாரின் மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், மைத்துனரும், மாமனாரும் என்று ஒரே வசனம் முக்கால் பக்கத்துக்கு ஓடும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் இரண்டு குடும்பம் பத்து வருடம் முகம் பார்க்காது.

யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் நான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்த பாவத்துக்கு இந்த வேலை என் தலையில் விழுந்தது. எசனிலும் சுற்றுவட்டாரத்திலும் யாராவது மோசம்போனால், "கிளாக்கர் அண்ணையிட்டைக் குடுங்கோ, அவர் எழுதுவார்" என்பார்கள். எழுதினேன். எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை.

இந்தச் சுவீடன்காரருக்கு எழுதுவதற்குப் பதினொரு மாதத்துக்கு முன் என் மனைவி சிவமலர் இறந்தாள். அவளுக்கு மட்டும் கல்வெட்டு இல்லை. அந்தியேட்டிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்கள். கிளாக்கர் அண்ணை வீட்டில் கல்வெட்டு இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு வருடத்தில் வரும் ஆட்டைத் திவசத்துக்காவது எழுதிவிடுவேன் என்று நானே எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

2

ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடியும். வருகிற விரிப்புகளைப் பிரித்து வண்டில்களில் போட வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே வேலை. மலரின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டி, இன்னும் இரண்டு கிழமை வீட்டில் நிற்கலாமே என்றார். வீட்டில் நின்று என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் வரவில்லை. இதை மறைக்க ஒன்றுமில்லை. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, பசி நேரத்துக்கு வந்தது. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் வாயில் சொண்டு இருப்பது தெரியும், தொட்டால் தெரியாது. பதினொரு மாதமும் அப்படித்தான் போனது. சோறு வடித்தேன், உடுப்புத் தோய்த்தேன், அவள் யன்னலோரம் வளர்த்த கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது செழிப்பாகத்தான் இருக்கிறது.

இடையில் அரசாங்கக் கந்தோர் வேலைகள். ஒரு கந்தோரில் அவள் இறந்ததைப் பதிய வேண்டியிருந்தது. அங்கே டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்கவே ஐந்து கிழமை. போன அன்று பார்த்து மரண அத்தாட்சிப் பத்திரத்தை வீட்டில் விட்டுவிட்டேன். கதிரையில் உட்கார்ந்து, என் மனைவி போய்விட்டா என்பதை அப்படியே ஜேர்மன் மொழியில் சொன்னேன். எங்கள் வாயில் வேறு மாதிரி வராது. எதிரில் இருந்த இளம்பெண் பரிதாபமாகப் பார்த்துவிட்டு கணினியில் எதையோ அமத்தினாள். பத்திரத்தைப் பிறகு தபாலில் அனுப்பலாம் என்றாள். நான் அனுப்புவதற்குள் ஒரு கடிதம் வந்தது. நான் மனைவியைப் பிரிந்து வாழ்பவன் என்று பதிந்திருக்கிறார்கள். அவளுடைய புதிய முகவரியை இரண்டு கிழமைக்குள் அறிவிக்க வேண்டும்.

அதைத் திருத்த அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம், இன்னொரு டெர்மின், மூன்று பிரதிகள். மலர் இருந்திருந்தால் இந்தக் கதையைத் தெருத்தெருவாகச் சொல்லிச் சிரித்திருப்பாள். நான் கடிதத்தைக் கோப்பில் குத்தி வைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. லைப்சிக்கில் ஒரு கிளினிக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறாள். ஞாயிறு பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுப்பாள். தாய் இருந்த காலத்தில் தாயும் மகளும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். நான் கடைசியில் வாங்கி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இப்போது திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

"சாப்பிட்டீங்களா அப்பா?"

"ஓம்."

"வேலை?"

"ஓம், பரவாயில்லை. திவசம் புதன்கிழமை வருது பிள்ளை."

"புதன் எனக்கு ஏலாது அப்பா. கிளினிக்கில எல்லாருக்கும் டெர்மின் குடுத்தாச்சு. சனிக்கிழமைக்கு மாத்தேலாதா?"

"திதியை எப்பிடி மாத்திறது?"

பிறகு கேட்டாள்: "அம்மாவின்ர அந்தப் புத்தகம் எழுதிறீங்களா?"

"எழுதுவன்."

"போன மாசமும் அப்பிடித்தான் சொன்னனீங்கள்."

3

ஏன் எழுத முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கல்வெட்டை நான் எழுதினேன் என்று சனம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அது பாதி உண்மை.

செத்தவீட்டுக்குப் போனால் நான் வரவேற்பறையில் ஆண்களோடு உட்கார்ந்திருப்பேன். மலர் நேரே குசினிக்குப் போவாள். ஒரு கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு, அங்கே நிற்கிற பெண்களோடு சேர்ந்து லீக்ஸோ பூசணியோ வெட்டுவாள். கொப்பி இல்லை, பேனை இல்லை. ஒன்றும் கேட்கவும் மாட்டாள். யாராவது ஒருவர் எதையாவது சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்தினால் மட்டும், தலையை நிமிர்த்தாமல் "பிறகு?" என்பாள். அவ்வளவுதான். அவர்கள் மிச்சத்தையும் சொல்லிவிடுவார்கள்.

திரும்பி வரும்போது டிராமில் எனக்கு ஒப்புவிப்பாள். "மூத்த தமையன் திருச்சியில இருக்கிறார். முப்பது வருசமாப் பேச்சில்லை. ஆனா பேரைப் போடத்தான் வேணும். இடையில ஒரு பொம்பிளைப் பிள்ளை நெருப்புக் காய்ச்சலில போனது. அதையும் போடுங்கோ. தாய்க்கு இப்பவும் அந்தப் பேர் வாயில வருது." நான் வீட்டில் வந்து அதைச் செந்தமிழாக்குவேன். எனக்கு வசனம் தெரியும். விபரம் அவளுக்குத்தான் தெரியும்.

அவளுடையதை எழுத உட்கார்ந்தபோதுதான் இது விளங்கியது. பிறப்பிடம் அளவெட்டி. சரி. பிறகு? வவுனியாவில் இரண்டு வருடம் இருந்தாள், எந்த வயதில்? சின்ன வயதில் போன ஒரு தங்கை உண்டு என்று ஒருமுறை சொன்னாள், பெயர் என்ன? முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. கனடாவில் இருக்கிற அவளுடைய தம்பிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "எனக்கென்னண்டு தெரியும் அத்தான்? அதெல்லாம் அக்காவுக்குத்தானே தெரியும்" என்றான்.

அதோடு, மனைவியின் கல்வெட்டில் தாய் தகப்பனுக்கு அடுத்ததாகப் புருஷனின் பெயர் வந்தாக வேண்டும். மற்றவர்களின் பெயரை அந்த இடத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். என் பெயரைத் தட்டக் கை போகவில்லை. மூன்று முறை கணினியைத் திறந்து மூன்று முறை மூடினேன்.

4

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் மண்டபத்தில் நடக்கிறது. செங்கல்லால் கட்டிய பழைய கட்டடம். பரிசளிப்பு விழாவைத் தேவாலயத்துக்கு உள்ளேயே வைப்போம். அங்கே போதகராக இருப்பவர் திருமதி கெல்லர் என்ற பெண். தேவாலயத்துக்கு ஆண்டுவிழா வருகிறது, கட்டடத்தைப் பாவிக்கிற எல்லா மொழிக்காரருக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும், இதைக் கட்டியவரைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தருவீர்களா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தை நடத்துகிற கமலா அக்காதான் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

"நீங்கள் சும்மா இருக்கிறதைப் பாக்க ஏலாமல் இருக்கு தம்பி" என்றார் அக்கா. "இதையாவது எழுதுங்கோ."

ஜேர்மன் மொழியில் ஒரு தாள் தந்தார்கள். தூண், வளைவு, செங்கல்லின் நிறம், கோபுரத்தின் உயரம். ஆளைக் காணவில்லை. நான் திருமதி கெல்லரிடம் போய், இவருடைய தகப்பன் யார், தாய் யார், எத்தனை சகோதரம், யாரைக் கட்டினார், பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு இவ்வளவும் வேண்டுமா என்று அவர் சிரித்தார். சகோதரம் இல்லாமல் ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றை எப்படித் தொடங்குவது என்று நானும் பிடிவாதமாக நின்றேன். பாவம், அந்த மனுசி பழைய பதிவேடுகளையும் கடிதப் பிரதிகளையும் தேடி எடுத்து, மூன்று பின்னேரம் என்னோடு உட்கார்ந்து வாசித்தார்.

பெயர் ஆக்செல். குடும்பப் பெயரை நாக்குப் புரளாமல் சொல்ல முடியாது, விட்டுவிடுகிறேன். தெற்கு சுவீடனில் ஒரு சிறிய துறைமுக ஊர். தகப்பன் கப்பல் தச்சன். ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. பையன் கரித்துண்டால் படகின் விலா எலும்புகளைப் பலகையில் கீறுவதைப் பார்த்த ஊர்ப் பாதிரியார் அவனை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார். அங்கே கட்டடக்கலை படித்து, பதக்கம் வாங்கி, ரோமாபுரியைப் பார்த்து வர அரசாங்கத்தின் உதவித்தொகையும் வாங்கினார். கப்பலில் ஜேர்மனிக்கு வந்து, தெற்கே போகிற வழியில், எசனுக்குக் கிட்ட நுரையீரல் காய்ச்சல் பிடித்தது. ஒரு மேசன் வீட்டில் மாரிகாலம் முழுக்கப் படுத்துக் கிடந்தார். எழும்பியதும் நன்றிக்காக மேசனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம் கீறிக் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். ரோமாபுரியை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

நானும் கனடாவுக்கு வெளிக்கிட்டவன்தான். முகவர் பிராங்பேர்ட்டில் இறக்கிவிட்டு, இரண்டு நாளில் வருகிறேன் என்று போனவர்.

அப்போது இங்கே நிலக்கரி பொங்கிக்கொண்டிருந்த காலம். சுரங்கத்துக்குச் சனம், சனத்துக்கு வீடு, வீடு வந்தால் பள்ளிக்கூடம், கோயில். சுவீடன்காரருக்கு வேலை ஓயவில்லை. இரண்டு ரயில் நிலையம், ஒரு ஆஸ்பத்திரி, தொழிலாளர் வீட்டு வரிசைகள், ஏழு தேவாலயங்கள். ரயில் நிலையங்கள் யுத்தத்தில் குண்டுபட்டுப் போயின. ஆஸ்பத்திரியை இடித்துவிட்டார்கள். வீட்டு வரிசையில் ஒன்று நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் இப்போது எங்கள் ஆள் ஒருவரின் மரக்கறிக் கடை இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை முருங்கைக்காய் வாங்க அங்கே போகிறேன், கட்டியவர் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தன்னைப் படுக்க வைத்துப் பார்த்த அந்த மேசனின் மகளையே கட்டினார். பெயர் வில்ஹெல்மினே. கட்டுவதற்கு, இவர் ஏற்கனவே கலியாணம் முடிக்காதவர், அம்மைப்பால் குத்தியவர் என்று சொந்த ஊர்த் தேவாலயப் பங்கிலிருந்து கடிதம் வர வேண்டும். முதற் கடிதம் வழியில் தொலைந்தது. இரண்டாவதில் முத்திரை பிழை. மூன்றாவது வந்து சேர ஒரு வருடமும் நாலு மாதமும். இந்தப் பகுதியை மிகவும் ஆறுதலாக மொழிபெயர்த்தேன்.

ஐம்பது வயதளவில் அவருடைய சொந்த ஊரில் புதுத் தேவாலயம் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டு, கேட்காமலே வரைபடம் அனுப்பியிருக்கிறார். கட்டடக் குழு மிக மரியாதையாகப் பதில் போட்டது. வேலையை ஒரு சுவீடன் நாட்டவருக்குக் கொடுக்க விரும்புகிறார்களாம். அதே காலத்தில் இங்கத்தைய பத்திரிகைகள் அவரைப் பெயர் சொல்லி எழுதியதே இல்லை. சாகும்வரை 'சுவீடன்காரர்' தான்.

5

மூன்றாம் பின்னேரம் திருமதி கெல்லர் வரைபடங்களின் பிரதிகளை மேசையில் விரித்தார். கண்காட்சியில் தொங்கவிடப் போகிறார்களாம். கோடுகள் தலைமுடி மாதிரி மெல்லியவை. அறைகளுக்குள், ஓரங்களில், வடிவான சரிந்த எழுத்தில் பெயர்கள். கரும்பலகைச் சுவர், பாடகர் மாடம், விறகறை, ஈரக்குடை வைக்கிற மூலை. அந்த எழுத்து வேறு கை போலத் தெரிந்தது. கேட்டேன். மனைவியின் கை என்றார். சுவீடன்காரருக்கு ஜேர்மன் எழுதினால் பிழை வரும். அதனால் முப்பது வருடமும் அவர் கோடு கீற, வில்ஹெல்மினே சொல் எழுதியிருக்கிறார்.

கடைசி வரைபடம் எங்கள் தேவாலயத்தினுடையது. அதில் ஒரு சொல்லும் இல்லை. வாசல் இருக்கிறது, படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு அறையும் அளவு பிசகாமல் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

அப்போது மனைவி இறந்துவிட்டார் என்றார் திருமதி கெல்லர். அதற்குப் பிறகு அவர் கீறியது எல்லாமே இப்படித்தானாம். மேசன்மார் வந்து இது என்ன அறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போவார்களாம்.

எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்தது. பதினொரு மாதத்தில் முதல்முறையாக ஒரு கோபம், அதுவும் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன்மேல். எழுத வராவிட்டால் என்ன, பிழையாகவாவது எழுதித் தொலைத்திருக்கலாமே, சனம் வந்து கேட்டுக் கேட்டுப் போக வேண்டுமா? வீட்டுக்கு நடந்து வரும் வழி முழுக்க அவரை ஏசிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் யாரை ஏசுகிறேன் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

அடுத்த இரண்டு நாளில் எழுதி முடித்தேன். எனக்குத் தெரிந்தது கல்வெட்டு வடிவம்தான், அதிலேயே எழுதினேன். 'சுவீடனைப் பிறப்பிடமாகவும் ஜேர்மனி எசனை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, தாய் தகப்பன், நாலு சகோதரம், மனைவி, சின்னதில் போன இரண்டு பிள்ளைகள், அமெரிக்காவுக்குப் போன மகள் எல்லாரையும் வரிசையாகப் போட்டேன். திதி வெண்பா எழுதக் கை துருதுருத்தது. அடக்கிக்கொண்டேன். மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன். தேவாலயத்தில் தமிழ் வாசிக்கிறவர் யாரும் இல்லை. கொடுத்ததை அப்படியே அச்சடித்தார்கள்.

6

ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை, திவசத்துக்கு மூன்று நாள் முன். சனிக்கிழமை பின்னேரம் ஆரணி ஒரு பையோடு வாசலில் நின்றாள்.

"புதன் வரைக்கும் நிக்கிறன்" என்றாள். "டெர்மின் எல்லாம் வேற ஆக்களுக்கு மாத்தியாச்சு."

"சாப்பிட்டியா?" என்றேன்.

மறுநாள் இரண்டு பேருமாகப் போனோம். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். மரவளைகள் இரண்டு பக்கமும் ஏறி நடுவில் கூடுகின்றன. கவிழ்த்துப் போட்ட படகு. கப்பல் தச்சனின் பிள்ளை கீறியது என்பது இப்போது தெரிகிறது. ஆரணி மழலையர் வகுப்பில் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கியது இந்தக் கூரையின் கீழேதான். மலர் அன்றைக்குக் கடைசி வரிசையில் நின்று கைதட்டியது எனக்கு நல்ல ஞாபகம்.

வாசலோரம் மேசையில் ஒவ்வொரு மொழியிலும் பிரசுரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் சனம் தமிழை எடுத்து வாசித்துக்கொண்டு நின்றது. யாரும் என்னிடம் வரவில்லை. வழக்கமாக, அண்ணை நல்லா எழுதியிருக்கிறீங்கள் என்று யாராவது வருவார்கள். கடைசியில் கமலா அக்கா வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாருங்கோ. மூண்டாவது வரியைப் பாத்தீங்களே?"

"என்ன அக்கா? பேர் ஏதும் விடுபட்டுட்டுதே?"

"விடுபடேல்லை" என்றார் அக்கா. அவருடைய கண் கலங்கியிருந்தது.

அதற்குள் ஆரணி ஒரு பிரதியை எடுத்துவிட்டாள். ஆறாம் வகுப்போடு தமிழை விட்ட பிள்ளை. எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, சின்ன வயதில் வாசித்த அதே மாதிரி, சத்தமாகக் கூட்டி வாசித்தாள்.

"அன்னார்... காலஞ்சென்ற... சிவமலரின்... அன்புக் கணவரும்..."

விரல் அந்த இடத்திலேயே நின்றது. நான் வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பழைய கல்வெட்டுக் கோப்பில் கிடந்த பெயர் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பலாம். அது பொய். அவளுக்கென்று ஒரு கோப்பே நான் தொடங்கவில்லை. என் விரல்தான் தட்டியது. மூன்று முறை சரிபார்த்தபோதும் வில்ஹெல்மினே என்றே வாசித்திருக்கிறேன்.

ஆரணி என்னைப் பார்த்தாள், பிரசுரத்தைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய தாடிவைத்த சுவீடன்காரரின் படத்தைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "அம்மா எப்ப இவரைக் கட்டினவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிப் பார்த்தேன், மூக்கால் வந்தது. ஆரணியும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் முதலில் பயந்து, பிறகு அவர்களும் சிரித்தார்கள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மாதத்து அழுகை, நல்ல நேரம் பார்த்து, ஊர்ச் சனம் முழுக்க நிற்கிற இடத்தில் வந்தது. வெட்கமாக இருந்தது. நிறுத்த ஏலவில்லை.

திருமதி கெல்லர் ஓடி வந்தார். ஆரணி அவருக்கு ஜேர்மன் மொழியில் விளக்கினாள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படியே இருக்கட்டும், யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்றார். நான் தலையை ஆட்டினேன். கூடாது. முப்பது வருடம் அந்த மனிதருக்கு எழுத்து எழுதிக் கொடுத்தவ வில்ஹெல்மினே. பேரைப் போடத்தான் வேணும். மலரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

அலுவலக அறையிலிருந்து வெள்ளை ஒட்டுத்தாள் கொண்டுவந்து தந்தார்கள். நான் ஒவ்வொரு துண்டிலும் பெயரை எழுத, ஆரணி எடுத்து ஒட்டினாள். சனம் எடுத்துப்போனது போக ஒரு கட்டு மிச்சம் இருந்தது. பாதி முடிந்தபோது அவள் கை ஓய்ந்தது.

"அப்பா, நாங்கள் அம்மாவுக்கு மேல ஒட்டிறம்."

"ஓம்."

"அப்ப அம்மாவின்ர பேர் எங்க இருக்கும்?"

"அவவுக்கு அவவின்ர புத்தகம்."

"எப்ப?"

சுவரில் அந்தப் பேர் எழுதாத வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. "இண்டைக்கு" என்றேன்.

திருமதி கெல்லருக்கு இவ்வளவு தமிழ் விளங்கியிருக்காது. ஆனால் ஆரணி ஏதோ சொல்லியிருக்கிறாள். புறப்படும்போது அவர், திங்கள் காலை அலுவலகத்துப் பிரதி இயந்திரம் உங்களுக்குத்தான் என்றார்.

7

வீட்டுக்கு வந்ததும் கணினியைக் குசினி மேசையில் வைத்தேன். அந்த வீட்டில் குசினி மேசையில் நான் எழுதியதே இல்லை. ஆரணி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, லீக்ஸ் இருக்கு, சுண்டவா என்று கேட்டாள். பலகையும் கத்தியும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பிறப்பிடம் அளவெட்டி என்று தட்டினேன். வவுனியாவில் நின்றுவிட்டேன்.

"பதினாலு வயசில" என்றாள் ஆரணி, வெட்டிக்கொண்டே. "ஷெல் அடிச்ச நேரம் சித்தப்பா வீட்டுக்குப் போனவை. ரண்டு வருசம். அங்கதான் அம்மா சைக்கிள் பழகினவா."

"உனக்கென்னண்டு தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமையளில என்ன கதைச்சனாங்கள் எண்டு நினைச்சீங்கள்?"

"சின்னதில போன தங்கச்சி?"

"பவானி. மூண்டு வயசு. கடைசியா அம்மாவின்ர சட்டையைத்தான் போட்டு விட்டவையாம்." கத்தி கொஞ்சம் நின்று மறுபடி ஓடியது. "அதையும் போடுங்கோ அப்பா."

போட்டேன். பாதி ஜேர்மன் மொழியில், பாதி தமிழில் அவள் சொல்லச் சொல்ல, தாய், தகப்பன், பள்ளிக்கூடம், கனடாத் தம்பி எல்லாம் தன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. பிறகு அந்த வரி வந்தது. என் பெயரைத் தட்டினேன். 'இன் அன்பு மனைவியும்' என்று முடித்தேன். திரையில் பார்க்க யாரோ ஒருவரின் பெயர் போல இருந்தது.

இதற்குப் பிறகு ஆரணிக்குத் தெரியாது. கலியாணம் பேசி முடித்து அவள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாள் எனக்கு மட்டும்தான் தெரியும். கல்வெட்டில் அதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் வாய் தானாகத் தொடங்கியது.

"பிராங்பேர்ட் எயார்போட்டில மூண்டு மணித்தியாலம் நிண்டன்" என்றேன். "போட்டோவைக் கையில வச்சுக்கொண்டு, வாற ஒவ்வொரு பொம்பிளையையும் பாத்துக்கொண்டு நிண்டன். அவ வேற வாசலால வந்து, எனக்குப் பின்னால பெட்டியோட நிண்டிருக்கிறா. எவ்வளவு நேரம் நிண்டவ எண்டு கடைசி வரைக்கும் சொல்லேல்லை. நான் திரும்பிப் பாத்தன்."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆரணி தலையை நிமிர்த்தவில்லை. லீக்ஸை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"பிறகு?"